பயிற்சி மருத்துவமனையின் ஆண்டறிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுவட்டார மக்களுக்கு வைத்தியம் நடக்கும் அதே வார்டுகளில் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் தொழில் பழகும் மருத்துவமனைகள் உண்டு. அப்படிப்பட்ட மருத்துவமனையின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள். வந்தவர்கள் போன வருடத்தைவிட நன்றாகக் குணமானார்களா? பழகியவர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்களா? அறிக்கை தயாரிப்பவர்கள் பல மாதம் உழைக்கிறார்கள். ஆனாலும் இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் போவதற்குத் திரும்பத் திரும்ப நடக்கும் சில தவறுகள்தான் காரணம்.

முதல் தவறு, வேலையின் அளவையே முன்னேற்றம் என்று காட்டுவது. புறநோயாளிகள் இத்தனை பேர், அறுவை சிகிச்சைகள் இத்தனை, புதிய ஸ்கேன் கருவி ஒன்று என்று பக்கங்கள் நிரம்பும். சிகிச்சையின் தரத்தை மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும் என்று மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபீடியன் 1966-லேயே எழுதினார்: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. கருவியும் கட்டடமும் முதல் வகை. எத்தனை பேருக்கு என்ன செய்தோம் என்பது இரண்டாவது. அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்பதே மூன்றாவது. அறிக்கைகள் இந்த மூன்றாவதற்கு வரும்போதுதான் மௌனமாகின்றன.

அந்த மௌனத்தை ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே உடைத்தார். பாஸ்டன் நகரின் அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் என்ன ஆனது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார். தானே ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கி, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் விவரங்களை வெளியிட்டார். அதில் 123 பிழைகளை அவரே எழுதி வைத்திருந்தார். இன்று இவ்வளவு வெளிப்படையாக எழுத எந்த நிர்வாகமும் தயங்கும். அறிக்கையில் ஒரு பக்கமாவது இந்த மனநிலையில் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது வகுக்கும் எண்ணை, அதாவது எத்தனை பேரில் அல்லது எத்தனை நாட்களில் என்பதை, விட்டுவிடுவது. ‘மருத்துவமனையில் தொற்றிய நோய்கள் 60-லிருந்து 48 ஆகக் குறைந்தன’ என்ற வரியைப் படித்தால் மகிழ்ச்சியாக இருக்கும். அந்த வருடம் ஒரு வார்டு பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, நோயாளிகளே குறைவாக வந்திருந்தால்? சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாய் (கதீட்டர்) வழியாக வரும் தொற்றை, அந்தக் குழாய் பொருத்தப்பட்டிருந்த ஆயிரம் நாட்களுக்கு இத்தனை என்று சொல்ல வேண்டும். கீழே விழும் விபத்துகளுக்கு, நோயாளிகள் தங்கிய ஆயிரம் நாட்களுக்கு இத்தனை. அப்போதுதான் இரண்டு வருடங்களை ஒப்பிட முடியும். இறப்பு விகிதத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கவலைக்கிடமானவர்களை வேறு மருத்துவமனைக்கு ரெஃபர் செய்தாலோ, அவர்களே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாலோ, அந்த இறப்புகள் இங்கே பதிவாகாது. இறப்பு விகிதத்தின் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் போடாத அறிக்கை முழு உண்மையைச் சொல்லவில்லை.

படுக்கை நிரம்பும் விகிதத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 300 படுக்கைகள் இருந்தால் வருடத்துக்கு 1,09,500 படுக்கை நாட்கள். அதில் 93,075 நாட்கள் ஆள் இருந்தால் விகிதம் 85 சதவீதம். இது 95 ஆக உயர்ந்ததைச் சாதனையாக எழுதுவார்கள். ஆனால் 1999-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினாலே அவசரமாக வருபவருக்கு இடம் கிடைக்காத அபாயம் தலைகாட்டத் தொடங்கும் என்று காட்டியது. 90-ஐத் தாண்டினால் அடிக்கடி நெருக்கடி வரும் என்றும் சொன்னது. அந்த 300 படுக்கைகளில் செவிலியர் இல்லாமல் சும்மா கிடப்பவை எத்தனை என்பதையும் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை முழுவதற்கும் ஒரே சராசரியைப் போட்டு முடிப்பது இவற்றைவிடப் பெரிய தவறு. இதற்கு வியன்னா பொது மருத்துவமனையின் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1840-களில் அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது மிக அதிகம். மொத்தமாகக் கூட்டிப் போட்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. தனித்தனியாகப் பார்த்த அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று கண்டார். 1847 மே மாதத்தில் குளோரின் கரைசலில் கை கழுவும் விதியைக் கொண்டுவந்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது.

கற்பித்தல் நடக்கும் விதமே நோயாளியைப் பாதிக்கும் என்பதும் அந்த எண்களில் தெரிகிறது. இன்றைய அறிக்கைகள் இதைத்தான் அடியோடு தவறவிடுகின்றன. சிகிச்சைக்கு ஒரு அத்தியாயம், கல்விக்கு இன்னொரு அத்தியாயம். கல்விப் பகுதியில் தேர்ச்சி விகிதம், கருத்தரங்குகள், வெளிவந்த கட்டுரைகள். வார்டில் நடப்பது அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. நள்ளிரவில் முடிவெடுக்கும் பயிற்சி மருத்துவருக்குக் கூப்பிட்டவுடன் வரும் மூத்தவர் இருக்கிறாரா? புது பேட்ச் சேரும் மாதத்தில் மருந்துப் பிழைகள் கூடுகின்றனவா? தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் டியூட்டி பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு 2003-இல் வாரத்துக்கு 80 மணி என்று நாடு முழுவதும் வரம்பு வந்தது. உங்கள் மருத்துவமனையின் வரம்பு எது, அது மீறப்பட்ட வாரங்கள் எத்தனை என்பது கல்விச் செய்தியும்தான், நோயாளியின் பாதுகாப்புச் செய்தியும்தான்.

டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், ஒரே வரிசையில் விவரம் சொல்லி ஒப்படைக்கும் பயிற்சியை இளம் மருத்துவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவுகள் வந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு பயிற்சி வகுப்பு நோயாளிகளை நேரடியாகக் காப்பாற்றியிருக்கிறது. இப்படிப்பட்ட தொடர்பைத் தேடி எழுதும் அறிக்கைதான் பயிற்சி மருத்துவமனைக்கு உரிய அறிக்கை.

ஒப்பிடும் வருடத்தை வசதிக்குத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. 2020-இல் கோவிட் காரணமாகத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் உலகெங்கும் தள்ளிப்போயின. அந்த வருடத்தோடு ஒப்பிட்டால் அடுத்த எந்த வருடமும் வளர்ச்சியாகத்தான் தெரியும். ஐந்து வருட எண்களை வரிசையாகப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. அப்புறம், காத்திருக்கும் நேரத்துக்குச் சராசரி மட்டும் போதாது. குறைவாகக் காத்திருந்தவரிலிருந்து அதிகமாகக் காத்திருந்தவர் வரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு காத்திருந்தார், கடைசிப் பத்து சதவீதத்தினர் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதும் வேண்டும்.

போன வருட அறிக்கையில் கொடுத்த வாக்குறுதிகளைப் பற்றிப் பேசாமல் புதியவற்றை எழுதுவதை நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். ஐந்து சொன்னோம், இரண்டு முடிந்தது, இரண்டு பாதியில் நிற்கிறது, ஒன்றை இந்தக் காரணத்தால் கைவிட்டோம் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். படிப்பவர்களுக்கு நம்பிக்கை வரும்.

சரி, எதிர்கால முன்னுரிமைகளுக்கு வருவோம். பதினெட்டு முன்னுரிமைகள் என்றால் எதற்கும் முன்னுரிமை இல்லை என்றுதான் பொருள். நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலை, எட்ட வேண்டிய நிலை, தேதி, பொறுப்பாளரின் பதவி, இவை நான்கும் இருக்க வேண்டும். கருவி வாங்குவதை முன்னுரிமையாக எழுதினால், அதை இயக்கும் டெக்னீஷியன், வருடாந்திரப் பராமரிப்பு, பழுதானால் மாற்று ஏற்பாடு எல்லாம் அதே பத்தியில் வர வேண்டும்.

அறிவித்துவிட்டாலே நடந்துவிடும் என்று நம்புவதும் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் இதைக் கொண்டுவந்தபோது, 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஏன் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. தாளில் டிக் அடிப்பதும், குழுவாக நின்று ஒவ்வொரு வரியையும் உண்மையாகச் சரிபார்ப்பதும் வேறு வேறு என்பது பலரின் கருத்து. எனவே எத்தனை படிவம் நிரம்பியது என்பதோடு நிற்காமல், அறுவை அரங்கில் நேரில் கவனித்தபோது எத்தனை முறை முறைப்படி நடந்தது என்றும் அளப்பதாகத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, மக்களை அறிக்கை அச்சான பிறகு வரவழைக்காதீர்கள். முன்னுரிமைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர்கள் அறையில் இருக்க வேண்டும். பாதியில் சிகிச்சையை விட்டவர்கள், மறுபரிசோதனைக்கு வராதவர்கள், அருகில் இருந்தும் ஒருமுறைகூட உள்ளே வராதவர்கள் யார் என்பது மருத்துவமனையின் பதிவேட்டில் முழுதாக இருக்காது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டால் பாதி விடை கிடைக்கும். மீதியை அந்த மக்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை இந்த வருடம் செய்ய முடியாது என்பதையும் அறிக்கையில் போடுங்கள்.