மனச்சோர்வு மாத்திரை: தொடங்கும் முன்னும், நிறுத்தும்போதும்

"மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது, மாத்திரை போட்டால் நிரம்பிவிடும்" என்று நினைத்துத் தொடங்குபவர் பத்தாம் நாளே ஏமாந்துபோவார். செரட்டோனின் சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும். மனம் தேறவோ 2 முதல் 4 வாரம், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, பெற்றோர் இழப்பு உண்டா, எந்த வயதில்? விவரம் வேண்டாம், தலைப்பு போதும். பலர் இதைப் பழங்கதை என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் தவறு. ஆபத்து வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டும், கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் சுரக்கும். போதுமான அளவு சுரந்ததும் மூளையே அதைத் தணிக்கும். இளவயதில் ஓயாத அச்சத்தில் வளர்ந்தவர்களில் சிலருக்கு இந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, அது மனச்சோர்வுக்கும் வழிவிடலாம். நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், சிறுவயதுக் காயம் இருந்தவர்களுக்கு மருந்தை மட்டும் கொடுத்ததைவிடப் பேச்சு சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. ஆகவே மாத்திரையோடு அதையும் முதல் நாளே கேளுங்கள்.

தூக்கமே தேவைப்படாமல் துள்ளிய நாட்கள் முன்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். இருமுனைக் கோளாறாக (மனச்சோர்வும் மிகைக் கிளர்ச்சியும் மாறிமாறி வரும் நோய்) இருந்தால், இம்மாத்திரையை மட்டும் போடுவது மிகைக் கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, மூலிகை மருந்து எதையும் மறைக்காதீர்கள். சிலவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரும்.

முதல் இரண்டு வாரம் குமட்டல், படபடப்பு சகஜம். குமட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் வீட்டார் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 வினாத்தாளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். மொத்தம் 27 மதிப்பெண்; தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, 5க்குக் கீழ் வந்தால் நோய் தணிந்தது. 6 வாரமாகியும் அசைவே இல்லையென்றால் டோஸையோ மருந்தையோ மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

தேறியபின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள். பராக்ஸடின், வென்லாஃபாக்சின் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகளில் எதையும் சட்டென விட்டால் சில நாட்களிலேயே தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வும் வரலாம். நோய் திரும்புவது அப்படியல்ல, பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல ஏறும்.