ஓடிக்கொண்டிருந்த பழைய பைக் பட்டென்று அணைந்துபோனால் எங்கே பார்ப்பது

சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஹெட்லைட், மீட்டர், ஹார்ன், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டால் பைக்குக்கு என்ன ஆச்சு என்று அங்கே யோசிக்காதீர்கள். பிரேக் லைட்டும் எரியாது, சிக்னலும் எரியாது, பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. கிளட்ச்சைப் பிடித்து, ஓட்டம் இருக்கும்வரை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நீங்கள் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கிற எமாஸ் சேவையின் வண்டி வந்து, பக்கத்துக் கார் பார்க் வரை காசு வாங்காமல் கொண்டுபோய் விடுவார்கள். சோதனையெல்லாம் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

என் பழைய ஹோண்டா சிபி400 இப்படி நின்றபோது ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் நாள் மழையில், காக்கி புக்கிட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது அதே மாதிரி மறுபடியும் அணைந்தது. அதனால்தான் சொல்கிறேன், பேட்டரியில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள்: பைக் எப்படி அணைந்தது? பேட்டரி காலியாகிப் போவதென்றால் முன்கூட்டியே அறிகுறி இருக்கும், லைட் மங்கும், சிக்னல் சோம்பலாக மினுக்கும், எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் எல்லாம் ஒன்றாகப் போனால் எங்கேயோ பாதை அறுந்திருக்கிறது. பேட்டரிக்கு உள்ளேயே ஒரு இணைப்பு விட்டுப்போவதும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

அந்தப் பாதை சின்னதுதான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலே பக்கத்தில் இருக்கிற மெயின் ஃபியூஸ், அங்கிருந்து சிவப்பு வயர் வழியாக இக்னிஷன் சுவிட்ச் (சாவி போடுகிற சுவிட்ச்), அதிலிருந்து மற்ற ஃபியூஸ்கள், கடைசியில் ஃபிரேம் வழியாகப் பேட்டரியின் மைனஸ். எல்லாமே ஒன்றாகப் போனால் கோளாறு பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்சைத் தாண்டுவதற்குள், இல்லையென்றால் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற எர்த் வயரில் இருக்கும். லைட் எரிகிறது, எஞ்சின் மட்டும் இல்லை என்றால் அது வேறு கதை. எஞ்சின் கில் சுவிட்சையும் சைட் ஸ்டாண்டு சுவிட்சையும் முதலில் பாருங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, கூடவே பழைய 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பல்பு மல்டிமீட்டரைவிட முக்கியம். ஏனென்றால் ஒரு இணைப்பு கருகித் தொட்டும் தொடாமலும் நின்றாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்றுதான் காட்டும், நீங்களும் கரண்ட் வருகிறது என்று நம்பிவிடுவீர்கள். மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. பல்பு ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுக்கும், கெட்ட இணைப்பு அங்கே மாட்டிக்கொள்ளும்.

சரி, ஆரம்பிக்கலாம். பேட்டரி டெர்மினல் ஸ்க்ரூ இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் இறுக்குங்கள், பச்சை பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்யுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அப்புறம் பல்பைப் பேட்டரியிலேயே வைத்துப் பாருங்கள், பளிச்சென்று எரிந்தால் நகருங்கள். அடுத்து பல்பின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை மெயின் ஃபியூஸுக்கு முன்னால், பின்னால், சாவி சுவிட்சுக்கு முன்னால், சாவியைத் திருகிவிட்டுப் பின்னால் என்று நகர்த்துங்கள். எந்த இடத்தில் மங்குகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. வயர் நிறத்தில் ஏமாறாதீர்கள்: ஹோண்டாவில் பச்சை எர்த், கருப்பு சாவி போட்டபின் வருகிற பிளஸ். யமஹாவில் கருப்புதான் எர்த், சாவி போட்டபின் வருவது பழுப்பு.

என் பைக்கில் பல்பு ஃபியூஸுக்கு முன்னால் வெள்ளையாக எரிந்தது, பின்னால் பீடி நெருப்பு மாதிரி சிவந்தது. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு மூலை மட்டும் தேநீர்க் கறை நிறத்தில் உருகி, உள்ளே இருந்த தகடு வாய் விரிந்துபோய் ஃபியூஸின் காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பல வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்த வேலை. இங்கே இருக்கிற ஈரமும் மழையும் சேர்ந்தால் பத்து வருடம் தாண்டி சிஓஇ என்கிற வண்டி உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிற பைக்குகளில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

ஃபியூஸ் வரை நன்றாக இருந்தால் சாவியைப் போட்டு, ஹேண்டிலை இடது வலது முழுக்கத் திருப்புங்கள், சாவியையும் லேசாக ஆட்டுங்கள். நியூட்ரல் லைட் மினுக்கினால் ஹேண்டில் கழுத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, இல்லை சுவிட்சின் உள்தகடு தேய்ந்திருக்கிறது. வெளித்தோல் முழுசாகத் தெரியும், விரலால் மடக்கினால் ஒரு இடம் மட்டும் நூல் மாதிரி துவளும். பிளஸ் பக்கம் எதுவும் சிக்கவில்லையென்றால் எர்த்தைச் சோதியுங்கள்: பல்பு ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்தில். மங்கினால் எர்த் வயரில்தான் கோளாறு.

ஃபியூஸே எரிந்திருந்தால் காரணம் வேறு, பெரும்பாலும் எங்கோ வயர் ஃபிரேமில் உரசி ஷார்ட் ஆகிறது. அதே அளவு ஃபியூஸ் மட்டுமே போடுங்கள், வெள்ளித்தாள் சுற்றினால் வயர் முழுக்க எரியும். புது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எரிக்காமல், ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் இருந்த இடத்தில் சோதனைப் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது மங்குகிறதோ அந்த வரிசையில் தேடுங்கள். டெலிவரி ஓட்டுகிறவர்கள் போட்ட போன் சார்ஜர் வயரை எல்லாவற்றுக்கும் முன்னால் பிரியுங்கள். சாலைக் கட்டணம் பிடிக்கிற இஆர்பி பெட்டிக்குப் போகிற வயரை மட்டும் நீங்களே வெட்டாதீர்கள், அது அனுமதி பெற்ற இடத்தில் செய்ய வேண்டிய வேலை.

கருகிய கனெக்டரைச் சுரண்டி மறுபடி மாட்டினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது டெர்மினல் போட்டு நன்றாகக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது வயரோடு சேர்த்து நசுக்கி இறுக்குங்கள். அப்புறம் எஞ்சினை 5000 ஆர்பிஎம்மில் வைத்துப் பேட்டரியில் அளந்தால் 13.5 வோல்ட்டுக்கும் 14.8 வோல்ட்டுக்கும் நடுவில் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் போய்விட்டது, பேட்டரியை வேகவைக்கும். 13-க்குக் கீழே நின்றால் எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற ஸ்டேட்டரிலிருந்து வருகிற மூன்று மஞ்சள் வயர் கனெக்டரைத் திறந்து பாருங்கள், அதுவும் கருகுகிற இடம்தான். எல்லாம் சரியாக இருந்தால் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சாவியை எடுத்துவிட்டு, மாற்றிய இணைப்பை விரலால் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் கிரிம்ப் இறுகவில்லை, மறுபடி வெட்டிப் போடுங்கள்.