ராணுவத்தில் பறந்த மணிகளை ஏர்லைன்ஸ் கணக்கில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க விமானப்படையில் பத்து வருடம் போர் விமானம் ஓட்டியவரிடம், இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்வார். உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த எண் அது. ஆனால் ஏர்லைன்ஸ் விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதினால் படிவத்தின் ஒரு கட்டத்தில் உண்மையைவிடக் குறைவாகவும் இன்னொரு கட்டத்தில் அதிகமாகவும் போய் நிற்கும். ஒரே பறத்தலை ராணுவம் ஒரு விதமாகவும் சிவில் விமானத் துறை வேறு விதமாகவும் எண்ணுகிறது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரையறை உண்டு. அதைப் படித்து, பழைய பதிவுகளிலிருந்து மறுபடி எண்ணி எடுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். இதைத் தட்டிக்கழிப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

750 மணி இருந்தால் போதும் என்று நினைப்பது

2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2010-ல் வந்த சட்டமும், 2013-ல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த விதியும் நிலைமையை மாற்றின. துணை பைலட்டாக உட்காரவும் ஏ.டி.பி. என்ற மேல்நிலை உரிமம் வேண்டும் என்று ஆனது. அதற்குப் பொதுவாக 1,500 மணி தேவை. அமெரிக்க ராணுவ பைலட்டுக்கு மட்டும் 750 மணியிலேயே, துணை பைலட்டாக மட்டும் பறக்க விடும் கட்டுப்பாடுள்ள ஏ.டி.பி. கிடைக்கும்.

இந்த 750 மொத்தக் கணக்கு மட்டுமே. அதற்குள் 200 மணி கிராஸ் கன்ட்ரி என்ற தொலைதூரப் பறத்தல், 100 மணி இரவுப் பறத்தல், 75 மணி இன்ஸ்ட்ருமென்ட், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த நேரம், 250 மணி பி.ஐ.சி., அதாவது விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்த நேரம், எல்லாம் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தாலும் உரிமம் கிடைக்காது. ஏ.டி.பி. எழுத்துத் தேர்வுக்கு முன் 30 மணி வகுப்பும் 10 மணி சிமுலேட்டரும் கொண்ட சி.டி.பி. பயிற்சியை முடித்தாக வேண்டும். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தாம்பரத்திலோ சூலூரிலோ இந்திய விமானப்படையில் பறந்துவிட்டு அமெரிக்காவுக்கு வருபவர்களுக்கு இந்த 750 மணிச் சலுகை பொருந்தாது. அது அமெரிக்கப் படைகளின் பைலட்டுகளுக்கு மட்டுமானது.

கிராஸ் கன்ட்ரி கட்டத்தைக் காலியாக விடுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். கையில் இருப்பதை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். ராணுவப் பதிவுகளில் கிராஸ் கன்ட்ரிக்குத் தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. சிவில் பயிற்சியில் அந்தச் சொல்லுக்கு வேறோர் ஊரில் போய் இறங்குவது என்றுதான் பொருள் என்று கேட்டிருப்பார்கள். "நான் எப்போதும் கிளம்பிய தளத்திலேயேதான் இறங்கினேன்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

ஏ.டி.பி. உரிமத்துக்கான வரையறை அப்படி இல்லை. கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், அங்கே இறங்க வேண்டியதில்லை. 80 மைல் தள்ளியிருக்கும் குண்டுவீச்சுப் பயிற்சிக் களத்துக்குப் போய்விட்டு அதே தளத்துக்குத் திரும்பிய எஃப்-16 பறத்தல் முழுவதும் கிராஸ் கன்ட்ரி கணக்கில் வரும். எந்தத் தேதியில் எந்தப் பயிற்சிக் களம் என்று பழைய பதிவுகளை எடுத்து, வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான மணிகள் அங்கே கிடக்கலாம்.

பிரைமரி நேரத்தை பி.ஐ.சி. என்று எழுதுவது

முந்தைய தவறில் கணக்கு குறைந்தது என்றால் இதில் கூடிவிடும். விமானப்படைப் பதிவுகளில் பிரைமரி, செகண்டரி, இன்ஸ்ட்ரக்டர், எவால்யுவேட்டர், அதர் என்று நேரத்தைப் பிரித்திருப்பார்கள். பிரைமரி என்றால் அந்த நேரத்தில் கட்டுப்பாடு உங்கள் கையில் இருந்தது என்று பொருள். அந்தப் பறத்தலுக்கே பொறுப்பு நீங்கள்தான் என்று அது சொல்வதில்லை. சரக்கு விமானத்திலோ வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கரிலோ புதிதாகச் சேர்ந்த துணை பைலட்டுக்கும் பிரைமரி நேரம் பதிவாகும்.

எஃப்.ஏ.ஏ. விதியில், தகுதி பெற்ற விமானத்தின் கட்டுப்பாட்டைத் தனியாகக் கையாண்ட நேரத்தை பி.ஐ.சி. என்று லாக்புக்கில், அதாவது சொந்தப் பறத்தல் பதிவேட்டில், எழுத இடமுண்டு. ஏர்லைன்ஸ்களில் பலவும் அந்த வரையறையைப் பார்ப்பதில்லை. விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்தவர் யார், கடைசிப் பொறுப்பு யாருடையது என்றே கேட்கின்றன. எனவே உரிமத்துக்கு ஓர் எண்ணும் வேலை விண்ணப்பத்துக்கு வேறோர் எண்ணும் வரலாம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதர் என்று பதிவான நேரத்தை இவற்றில் சேர்க்கவே வேண்டாம். சிமுலேட்டர் நேரமும் மொத்தப் பறத்தலில் சேராது.

நேர்காணலில் உட்காருபவர்களில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் கட்டங்களின் பொருள் அவர்களுக்கு மனப்பாடம். எண்ணை ஊதிக் காட்டினால் அங்கேயே தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

தரையில் ஓடும் டாக்ஸி நேரத்தை மறப்பது

சிவில் விதிப்படி, பறப்பதற்காக விமானம் தன் இன்ஜின் பலத்தில் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி வந்து நிற்கும் வரை எல்லாம் பறத்தல் நேரம். விமானப்படையிலும் கடற்படையிலும் பொதுவாக ஓடுபாதையில் புறப்படுவதிலிருந்துதான் எண்ணுவார்கள், டாக்ஸி கணக்கில் வராது. இதை ஈடுகட்டத்தான் ஒரு பறத்தலுக்கு 0.2 மணி அல்லது 0.3 மணி கூட்டிக்கொள்ள சில ஏர்லைன்ஸ்கள் அனுமதிக்கின்றன. சிறிய எண்ணாகத் தெரியும். ஒரு பறத்தலுக்கு 1.3 மணி என்று 1,000 மணி சேர்த்த போர் விமானி ஏறத்தாழ 770 தடவை கிளம்பியிருப்பார். 0.2 வீதம் கூட்டினால் 154 மணி!

ஆனால் எல்லா நிறுவனங்களும் இதை ஏற்பதில்லை, ஏற்பவையும் ஒரே அளவைச் சொல்வதில்லை. அதனால் லாக்புக்கில் மூல எண்ணை மாற்றாதீர்கள். கூட்டிய எண்ணுக்குத் தனி வரிசை போட்டு, எத்தனை பறத்தல், எந்த விகிதம் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

தேவையில்லாமல் முதலிலிருந்து தொடங்குவது

அமெரிக்க ராணுவ பைலட், ஒரே ஓர் எழுத்துத் தேர்வில் தேறி உரிய ஆவணங்களைக் காட்டினால் கமர்ஷியல் உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் பெறலாம். பறந்து காட்டும் செக்ரைடு வேண்டியதில்லை. ராணுவத்தில் பயிற்றுநராக இருந்தவர் இதே போல இன்னொரு தேர்வு எழுதி சிவில் பயிற்றுநர் உரிமமும் வாங்கிவிடலாம். இது தெரியாமல் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டாதீர்கள். பணியில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. கடற்படையின் பி-8 விமானம் ஓட்டியவர்களுக்கு, போயிங் 737 ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்ற தகுதியும் இந்த வழியில் கிடைக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பயிற்சியில் டி-38, அப்புறம் எஃப்-16 என்று வந்தவர்களின் உரிமத்தில், இரட்டை இன்ஜின் தகுதி, இன்ஜின்கள் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும் மைய உந்துவிசை விமானங்களுக்கு மட்டும் என்று ஒரு வரம்பு ஏறிவிடும். அதை நீக்க ஒரு செக்ரைடு தேவை. வேலை கூப்பிட்ட பிறகு இதற்காக ஓடாதீர்கள்.

தரைப்படையில் பிளாக் ஹாக் ஓட்டியவர்களுக்கு வேறு கணக்கு. ஹெலிகாப்டர் மணிகள் மொத்தத்தில் சேரும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் பி.ஐ.சி. 250 மணி விமானத்திலேயே வேண்டும், அதில் 100 கிராஸ் கன்ட்ரி, 25 இரவு. ஹெலிகாப்டரில் 2,000 மணி பறந்தவர்கூட சிறு விமானத்தில் ஏறி இதைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

மருத்துவப் படிவமும் ஆவணங்களும்

பறக்கத் தகுதி என்று ராணுவ மருத்துவர் தந்த சான்று ஏர்லைன்ஸ் வேலைக்குச் செல்லாது. எஃப்.ஏ.ஏ. முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். உடல் குறைபாட்டுக்காக முன்னாள் படைவீரர் துறையிடமிருந்து உதவித்தொகை பெற்றால், அதைக் கேட்கும் கேள்வி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. 2023-ல் ஏறத்தாழ 5,000 பைலட்டுகளின் பதில்கள் அந்தத் துறையின் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று விசாரணை வந்தது. பல குறைபாடுகளுக்கு, ஒளிக்காமல் எழுதினால் சான்று கிடைக்கும். மறைத்தது தெரிந்தால் உரிமமே போகலாம்.

படையை விட்டுக் கிளம்பும் முன் பறத்தல் பதிவுகளின் முழு அச்சுப் பிரதி, ஒவ்வொரு செக்ரைடு படிவம், பைலட் பயிற்சி முடித்த சான்று எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். கட்டுப்பாடுள்ள ஏ.டி.பி.க்கு விடுவிப்புச் சான்றான டிடி-214-ம் வேண்டும். உங்கள் பதிவை வைத்திருந்த படைப்பிரிவு இடம் மாறிவிட்டால் அந்தத் தாள்களைத் தேடியே மாதங்கள் போகும். அமெரிக்க ஏர்லைன்ஸில் 65 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது. சம்பளம், வழித்தடம், விடுப்பு எல்லாமே சேர்ந்த தேதியின் மூப்பை வைத்துத்தான் தீர்மானமாகும். 42 வயதில் வெளியே வருபவருக்கு அந்த மாதங்கள் ரொம்பப் பெரியவை.