பழைய ரைபிள் ஸ்கோப் வாங்குமுன் வாரண்டியைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் டார்கெட் ஷூட்டிங் பழகுகிறவர்கள் பலரும் ரைபிள் வாங்கி முடித்து ஸ்கோப் (ரைபிள்மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) விலையைக் கேட்டதும் பழைய சரக்கைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான். எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்ற கோண அளவு), பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோலத் தெரிவது) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே வாரண்டிக்கு வருகிறேன்.

படி 1: வாரண்டி பொருளுக்கா, ஆளுக்கா?

வோர்டெக்ஸ், பர்ரிஸ் நிறுவனங்களின் ஸ்கோப்புகள், லியுபோல்ட் நிறுவனத்தின் கோல்ட் ரிங் வகை ஆகியவற்றுக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு. அது பொருளோடு போகிறது. பில்லும் வேண்டாம், முதல் உரிமையாளராக இருக்கவும் வேண்டாம். வேறு சில நிறுவனங்கள் வாங்கிய தேதியிலிருந்து இத்தனை ஆண்டு என்று கெடு வைக்கும். அங்கே பழைய பில் இல்லாவிட்டால் வாரண்டியே இல்லை என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும். எரியும் ரெட்டிகிள் (குறிபார்க்கும் குறுக்கிழை) இருந்தால் அதன் மின்சுற்றுக்குத் தனிக் கெடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். டென்வரில் இருந்த ரெட்ஃபீல்ட் ஸ்கோப் நிறுவனம் 1998இல் மூடப்பட்டது; 2008இல் அந்தப் பெயரை லியுபோல்ட் வாங்கியது. பழைய ரெட்ஃபீல்ட் 3200 நல்ல டார்கெட் ஸ்கோப்தான், ஆனால் டென்வர் காலத்து வாரண்டியைக் கேட்டு லியுபோல்டிடம் போக முடியாது.

படி 2: சீரியல் எண்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பல ஸ்கோப்புகளில் எண் டரெட்டுக்கு (குறியைத் திருத்தும் திருகு) அடிப்பக்கம் இருக்கும். ரைபிளில் மாட்டியபடி எடுத்த படத்தில் அது தெரியாது. கழற்றி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு பணம் கொடுக்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: இந்த எண் உங்களுடையதா, எண்ணும் மாடலும் பொருந்துகின்றனவா, திருட்டுப் புகார் ஏதும் இருக்கிறதா. லியுபோல்ட் பெயரில் போலிகள் உலவுவதாக அந்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது. போலிக்கு வாரண்டி கிடையாது. தொலைபேசியில் கேட்பதைவிட மின்னஞ்சல் மேல், பதில் கையில் நிற்கும்.

விற்பவர் எண்ணைத் தர தயங்கினால் அவரையே எழுதச் சொல்லி, வந்த பதிலை அனுப்பச் சொல்லலாம். அதற்கும் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.

படி 3: யாராவது திறந்தார்களா?

வெளியாள் பிரித்திருந்தால், ரெட்டிகிள் மாற்றியிருந்தால் வாரண்டி போகலாம். ரிங் (ஸ்கோப்பை ரைபிளோடு பிடிக்கும் வளையம்) பதித்த தழும்பு வெறும் அழகுக் குறை. வோர்டெக்ஸ் வாரண்டிகூட அதை ஏற்காது. ஆனாலும் ஆழமான தழும்பைக் கண்டால் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் (ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடுவது) இருந்ததா என்றும் கேளுங்கள். அது முன்னும் பின்னும் உதைப்பதால் ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் தளரும்.

படி 4: வந்ததும் சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். ஸ்கோப்பை அசையாமல் பொருத்தி, 100 கெஜத்தில் டரெட்டை 20 எம்ஓஏ திருகினால் குறுக்கிழை 20.94 அங்குலம் நகர வேண்டும். தூரத்தை நாடாவால் அளங்கள், ரேஞ்சில் (சுடுதளத்தில்) உள்ள தூரப் பலகையை நம்ப வேண்டாம். ரிங்கை இறுக்க இறுக்கத்தை அளந்து காட்டும் இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச் கட்டாயம். கைக்கணக்கெல்லாம் எனக்கு ஒத்துவராது.

சேர்க்கை: இந்தியாவுக்கு எடுத்துப் போகலாமா என்று கருத்துப் பகுதியில் சிலர் கேட்டார்கள். ரைபிள் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும் பொருள். பெட்டியில் போட்டுக் கொண்டுபோகும் முன் உரிமம் வேண்டுமா என்று விசாரியுங்கள். அமெரிக்க வாரண்டி அங்கேயும் செல்லுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.