கோயமுத்தூர்ல எங்க சாப்பிடறதுன்னு வாக்குவாதம் பண்றது எப்படிங்க

கோயமுத்தூர்ல எந்தக் கடை நல்ல கடைன்னு பேச்சு எடுத்தா அது முடியவே முடியாதுங்க, ஏன்னா கடை பேரு ஒன்னுதான், ஆனா ஆளாளுக்கு வேற வேற விஷயம் பேசிட்டிருப்பாங்க. மாமா அன்னபூர்ணா போலாம்னா அவரு மனசுல ஓடறது சாம்பாரு, அக்கா அங்க எதுக்குன்னா அவங்களுக்கு பார்க்கிங் பிரச்சனை, சின்னவன் மூஞ்சத் தூக்கிட்டு நிக்கறது ரீல்ஸ்ல பாத்த மந்தி பிரியாணிக்கு. எவரு ஜெயிச்சாலும் மீதிப்பேரு உர்ருன்னு உக்காந்துதான் சாப்பிடுவாங்க. வாதமே வேணாம்னு சொல்லலைங்க, அது இல்லாம வெளிய சாப்பிடப் போனா அதுல என்ன இருக்குது. கொஞ்சம் மொறையா பண்ணலாம்ங்கறேன், அவ்வளவுதான்.

மொதல்ல கடை பேரே யாரும் எடுக்கக் கூடாதுங்க. இன்னைக்கு யாரு யாரு கறி சாப்பிடமாட்டாங்கன்னு கேட்டு முடிச்சிருங்க. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி, கோயிலுக்கு மாலை போட்டது, டாக்டர் சொன்னதுன்னு நம்ம பக்கம் பத்து பேரு கெளம்புனா ரெண்டு பேராவது அப்படி இருப்பாங்க. அவங்க வாயே தொறக்காம கூட வந்துட்டு மட்டன் கடையில தயிர்சோத்தப் பெசஞ்சுட்டு உக்காந்திருப்பாங்க, அப்பறம் அடுத்த நோம்பி வரைக்கும் அதையே சொல்லிக்காட்டுவாங்க. ஒரம்பரை, அதாவது வந்திருக்கற சொந்தக்காரங்க, வெளியூருன்னா இன்னொன்னும் கேட்டுக்கோங்க, கொங்கு சாப்பாடு வேணுமா இல்ல சும்மா நல்ல சாப்பாடா. ஏன்னா அரிசிம்பருப்பு சோறும் இடியாப்பம் மாதிரி இருக்கற சந்தவையும் நெய்ய ஊத்தி வீட்ல சாப்பிடற மாதிரி எந்தக் கடையிலயும் வராது, அதுக்கு ஏசி ஹாலுக்குப் போறது காசுக்குக் கேடு. வீட்ல ஆக்க முடியாததுக்குத்தான் கடைக்குப் போகோணும், இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

அடுத்தது, கடைய விட்டுட்டு ஐட்டத்த வச்சு பேசுங்க. எந்தக் கடை பெஸ்ட்டுன்னு கேட்டா பதில் கெடையாது, பள்ளிபாளையம் சிக்கன் எங்க சரியா போடறாங்கன்னு கேட்டா பதில் இருக்குது. பள்ளிபாளையம்ங்கறது ஈரோட்டுக்கு எதுத்தாப்ல, காவிரிக்கு அந்தக் கரையில இருக்கற ஊரு. அந்த ஊரு கறியில மசாலாப் பொடிக்கு வேலையே இல்லைங்க. கோழிய சின்னச்சின்னதா வெட்டி, வெதை தட்டுன வரமெளகாயி, சின்ன வெங்காயம், கருவேப்பிலை, பல்லுப்பல்லா நறுக்குன தேங்கா, அதுல விட்ட தண்ணியிலயே சுண்ட வதக்கி எடுத்தா முடிஞ்சுது. நீங்க வாதம் பண்ற கடையில அது செக்கச்செவேல்னு கலர்பொடியோட வந்தாலோ, கொடமொளகாயும் பெரிய வெங்காயமும் மெதந்தாலோ, சாப்பிட ருசியா இருக்கலாம், ஆனா பேரு வேற வைக்கச் சொல்லுங்க. இந்த மாதிரி கைய வச்சு காட்டற அளவுக்கு ஒரு அடையாளம் வச்சுட்டு பேசுனா எதிராளி வாயடைச்சு போயிருவாரு.

பிரியாணியும் அப்படித்தான். சீரக சம்பாவா பாஸ்மதியான்னு பிரிச்சுக்காம பேசறதுனாலதான் பாதி சண்டை. நம்ம பக்கமும் திண்டுக்கல் பக்கமும் சீரக சம்பாவுல வளந்த நாக்கு, நீளமா பாஸ்மதிய பாத்தா இது புலாவு மாதிரி இருக்குதேம்பாங்க, பாஸ்மதி பழகுனவங்களுக்கு சீரக சம்பா பொடியரிசியா தெரியும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. சாங்காலம் ரோட்டுக்கடை காளானப் பத்தி பேசுனா மட்டும் எந்த விதியும் செல்லாதுங்க, அதுல காளான விட முட்டைக்கோசும் மைதாவும்தான் எச்சா இருக்கும்னு எல்லாத்துக்கும் தெரியும், தெரிஞ்சும் வெங்காயம் மல்லித்தழை தூக்கலா போடச்சொல்லி சாப்பிடறோம், அங்க எவனாவது ஆராய்ச்சி பண்ணான்னா வண்டியில ஏத்தி அனுப்பிருங்க.

முன்ன மாதிரி இல்லைங்கன்னு ஒருத்தர் சொல்லாத வாக்குவாதமே நம்மூர்ல கெடையாது. ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ் 1948, ஈரோட்டு ஜூனியர் குப்பண்ணா 1960, அன்னபூர்ணாவும் அறுவதுகள்ல வந்ததுதான், இத்தன வருசத்துக்கு எல்லாத்தப் பத்தியும் அப்படித்தான் பேசுவாங்க. அப்படி ஒருத்தரு ஆரம்பிச்சா மூனு கேள்வி போடுங்க: கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, எந்த பிராஞ்ச்சு, எத்தன மணிக்கு. பாதிப்பேரு மூனாவதுக்கு வரமாட்டாங்க. ஒரே பேர்ல ஓடற கடையா இருந்தாலும் ஆர்எஸ் புரத்துல ஒரு கை, சரவணம்பட்டியில ஒரு கை. மத்தியானம் பன்னண்டரைக்கு எறக்குன கொழம்பும் மூனரைக்கு சுட வச்ச கொழம்பும் ஒன்னாகாது. மெஸ்ஸுன்னா இன்னும் மோசம், குடலு, ரத்தப் பொரியல், தலைக்கறியெல்லாம் சீக்கிரம் போனவனுக்குத்தான், ரெண்டு மணிக்கு மேல போயிட்டு ஒன்னுமே இல்லன்னு ரேட்டிங் போடறது நியாயமே இல்லைங்க.

ஆதாரம் காட்டறேன்னு போன எடுத்தாங்கன்னா கூகுள் ரிவ்யூவ புதுசுல இருந்து வர்ற மாதிரி மாத்தி வச்சு பாருங்க, சூப்பர்னு ஒத்த வார்த்தையில அஞ்சு ஸ்டார் குடுத்தது எல்லாத்தையும் தாண்டிப் போயிருங்க, மூனு ஸ்டார் குடுத்துட்டு நாலு வரி பொலம்பியிருக்கறவன்தான் உண்மையா சாப்பிட்டவன், கஸ்டமர் எடுத்த பில்லு போட்டோ இருந்தா அது தங்கம். ரீல்ஸ்ல மொத வாய் வைக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடி தலைய ஆட்டறவர நம்பாதீங்க, வெல சொல்லலைன்னா சுத்தமா நம்பாதீங்க.

தூரத்த வச்சு வாதம் பண்றவங்களுக்கு ஒன்னு. அவிநாசி ரோட்ல போயி சேர்றதுக்குள்ள பசியே போயிரும்ங்கற பழைய வாதம் இப்ப பாதிதான் செல்லும், 2025 அக்டோபர்ல கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டர் பாலம் தொறந்துட்டாங்க. ஆனா கடை நடுவுல பாலத்துக்குக் கீழ இருந்துச்சுன்னா மேல ஏறிட்டு கடைய எட்டிப் பாத்துட்டே போகோணும், எங்க எறங்கறதுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க. இதுக்கு பேசாம சீனாபுரமே போயிருக்கலாம்னு ஒருத்தரு கண்டிப்பா சொல்லுவாரு, பெருந்துறை பக்கம் அங்க இருக்கற யுபிஎம்ங்கற கடைச் சாப்பாட்ட நெனச்சுட்டு. நல்ல யோசனைதான், ஆனா அத வெள்ளன எந்திரிச்சப்ப சொல்லோணும், ஒரு மணிக்கு காந்திபுரத்துல நின்னுட்டு சொல்லக் கூடாது.

காசு விஷயமும் போறதுக்கு முன்னாடியே பேசிருங்க. சாதாரண ஓட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், ரூம் வாடகை 7500க்கு மேல இருக்கற பெரிய ஓட்டலுக்குள்ளன்னா 18. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கெடையாது, தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிருச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அதையே சொல்லிருச்சு, எடுக்கச் சொல்லிக் கேளுங்க, கூச்சமே வேணாம். பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வச்சா 18 சதவீதம்னு அன்னபூர்ணா ஓட்டல் மொதலாளி சீனிவாசன் நிதியமைச்சர்கிட்டயே கேட்ட ஊருங்க இது, 2024 செப்டம்பர்ல, நாம கல்லாவுல ஒரு கேள்வி கேட்டா என்ன தப்பு.

கடைசியா முடிவெடுக்கறப்ப ஓட்டெடுப்பு வேணாம், சின்னப்பசங்க கூட்டு சேந்துக்குவாங்க. ஆளுக்கொரு தடவ வேணாம்னு சொல்ல உரிமை குடுங்க, வேணாம்னா அதே மூச்சுல வேற கடை பேரு சொல்லியாகோணும், சொல்லலைன்னா அவரு உரிமை போச்சு. முட்டி வலிக்கற பெரியவங்க கூட இருந்தா மாடிப்படி ஏறற கடையெல்லாம் கேக்காமயே அடிச்சிருங்க. ஒன்னரை மணி தாண்டியும் முடிவு வரலைன்னா கிட்டக்க எங்க எடம் காலியா இருக்குதோ அங்க உக்காந்துருங்க, பில்லு நாந்தான் குடுப்பேன்னு மாமனும் மச்சானும் போடற சண்டை வேற பாக்கி இருக்குது.