கடைவாய்ப் பல் உடைந்தால் கேப்தான் வழியா?

கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தையா? பழைய அடைப்பின் ஓரம் பெயர்ந்துவிட்டதா? பல்லின் சுற்றுச்சுவர் உறுதியாக இருந்தால் முழுப் பல்லையும் சீவிக் கேப் போட வேண்டியதில்லை. பல்லின் கடிக்கும் பரப்பில் உள்ள மேடுகளுக்கு நடுவே இருக்கும் குழியை மட்டும் நிரப்பும் செராமிக் துண்டு இன்லே. உடைந்த மேட்டையும் சேர்த்து மூடுவது ஆன்லே. மேட்டின் மேல் செராமிக் பொதுவாக 1.5 முதல் 2 மி.மீ. கனம் வேண்டும், மெலிந்தால் விரிசல் விடும்.

சென்னையில் பெரும்பாலும் இரண்டு முறை போக வேண்டியிருக்கும்: முதலில் அளவு எடுப்பார்கள், லேபிலிருந்து துண்டு வந்ததும் ஒட்டுவார்கள். இடையில் இருப்பது தற்காலிக அடைப்புதான். கமர்கட், அல்வா அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

ஒட்டும் நாள்தான் முக்கியம். எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாளான ரப்பர் டேம் போடுவீர்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். மரத்த வாயில் கடி சரியாகத் தெரியாது. மரப்பு விட்டபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் மறுநாளே போய்விடுங்கள். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் புள்ளி விழும் இடத்தை லேசாகத் தேய்த்துவிடுவார். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டும் தேவை.