தேய்ந்த முத்திரையைப் படிக்கச் சாய்ந்த வெளிச்சம்

பழைய ஜெர்மன் ராணுவ பெல்ட் கொக்கியின் பின்புறத்தில் தயாரிப்பாளர் பெயர் தேய்ந்து தெரியாமல் இருந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், இருட்டான அறையில் ஒரு சிறிய டார்ச்சை உலோகப் பரப்போடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். நேராக விழும் ஒளியில் மறைந்துவிடும் ஆழமற்ற எழுத்துப் பள்ளங்கள் பக்கவாட்டு ஒளியில் நிழல் பெற்றுத் தெளிவாகத் தெரியும். மெருகுப் பசையோ அந்த மிச்சப் பள்ளத்தையும் காலத்தால் படிந்த நிறத்தையும் சேர்த்தே அழித்துவிடுவதால் பொருளின் மதிப்பும் குறைகிறது.

கொக்கியில் கோத்துத் தைக்கப்பட்ட தோல் நாக்கையும் இவ்வாறே பாருங்கள். ஓவர்ஹோஃப், அஸ்மான் போன்ற லூடன்ஷைட் நகர நிறுவனங்களின் பெயரும் தயாரித்த ஆண்டும் பல கொக்கிகளில் அதில்தான் அழுத்தப்பட்டிருக்கும். ஆனால் தோல் நாக்கை மாற்றித் தைப்பது எளிது என்பதால், அதிலுள்ள பெயரை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முத்திரையே இடப்படாத கொக்கிகளும் உண்டு. துரு அரித்துக் குழி விழுந்த எஃகுக் கொக்கிகளிலும் இம்முறை பயன்படாது, ஏனெனில் துருக்குழிகளின் நிழலும் எழுத்தின் நிழலும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.